உறைந்த ஏரி, ஆறு, நிலம்: உங்களை விடாமல் துரத்தும் ஒரு அனுபவம்?

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஒரு ஏரி, வெளியே மைனஸ் 30. துளைப்பான் பனிக்கட்டியைத் தாண்டியதும் புஸ்ஸென்று மீத்தேன் வாயு பீறிட்டது. ஏரிக்கு அடியில் உறைநிலம் (ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்) கரைந்து, பழைய இலைதழை அழுகி இந்த வாயு வருவது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு மறக்காதது அதற்கு அப்புறம் நடந்தது. வெப்பநிலை சென்சாரைத் தண்ணீரில் இறக்க இறக்க எண் ஏறிக்கொண்டே போனது. பனிக்கட்டியை ஒட்டி 0 டிகிரி, பிறகு 1, 2, சேற்றைத் தொட்டபோது 3-ஐத் தாண்டிவிட்டது. மேலே இமை ஒட்டிக்கொள்ளும் குளிர்! தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக கனம், அதனால் அது அடியில் தங்கிவிடுகிறது. அந்தச் சேற்றுக்குக் கீழே இன்னும் எவ்வளவு ஆழம் கரைந்திருக்கும் என்று இன்றும் மனசு அரிக்கிறது.

---

எனக்கு வட கனடாவின் மெக்கன்சி ஆறு, இனுவிக் ஊர் அருகே, கோடை. தெற்கிலிருந்து ஓடிவரும் ஆறு, அங்கே வாங்கிய சூட்டை வடக்கே சுமந்து வருகிறது. நீர்மட்டத்தில் கரையைக் குகைபோலக் குடைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ப்ரூஸ் மரங்களோடு மொத்தக் கரையும் சரிந்தது. உடைந்த முகத்தில் ஆள் உயரப் பனிக்கட்டி, சேறு சொட்டச் சொட்ட. மண்ணை மண்ணாகப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் பனிக்கட்டிதான்.

---

முதலில் எழுதியவருக்கு: 4 டிகிரிக் கணக்கு பாதிதான் சரி. ஆழமில்லாத ஏரியை இலையுதிர்காலக் காற்று கலக்கி, பனிக்கட்டி மூடுமுன்பே முழுத் தண்ணீரையும் 4-க்கு வெகு கீழே இறக்கிவிடும். நீங்கள் அளந்த சூட்டில் பெரும்பகுதி, கோடையில் சேறு வாங்கி வைத்துக் குளிர்காலத்தில் திருப்பிக் கொடுத்தது. ஏரியின் ஆழத்தையும் சொல்லியிருக்க வேண்டும். ஆர்க்டிக் கடலோரத்தில் பனிக்கட்டி 2 மீட்டர் வரை வளரும். அதைவிட ஆழம் குறைந்த ஏரி தரைவரை உறைந்துபோகும், கீழே உறைநிலம் பிழைக்கும். அதைவிட ஆழமானால் அடியில் தாலிக் (உறைநிலத்துக்கு நடுவே உறையாமல் கிடக்கும் மண்) உருவாகி, ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்.

நான் பார்த்தது சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில். அங்கே கட்டடத்தின் சூடு உறைநிலத்தைக் கரைக்காதபடி கட்டடங்களைத் தூண்மேல் நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட விடுவார்கள். ஒரு கட்டடத்தடியில் வெந்நீர்க் குழாய் கசிந்து, மைனஸ் 40-லும் தரை இளகிக் கிடந்தது.

அளக்கப் போகிறவர்கள் பனிக்கட்டியின் தடிமனோடு மேலே கிடக்கும் பனியின் ஆழத்தையும் குறியுங்கள். புதுப்பனி, பனிக்கட்டி கடத்தும் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. பனி குவிந்த மூலையில் பனிக்கட்டி மெலிசாகவே இருக்கும். குமிழி ஏறும் இடமும் அப்படித்தான். கோல் ஊன்றிப் பார்க்காமல் அங்கே கால் வைக்காதீர்கள்.