போலிப் பக்கத்தின் ஆயுள் சில மணி நேரம்: இணைய மோசடித் தடுப்புப் பணியில் எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

இணைய மோசடிகளை எதிர்கொண்டவர்களும் அவற்றைத் தடுக்கும் பணியில் இருப்பவர்களும் தத்தம் அனுபவங்களை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரின் ஆயர் ராஜா கிரசென்ட் வட்டாரத்தில் இயங்கும் ஒரு சிறு தொழில்நுட்ப நிறுவனத்தில், போலி இணையப்பக்கங்களைக் கண்டுபிடித்து முடக்கும் குழுவில் நான் பணியாற்றுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் வாடிக்கையாளர்களின் பெயர்களையும் தவிர்த்துவிட்டு மற்றவற்றை எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்கள் எங்கள் வேலையைக் கணினி அறிவின் போட்டியாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது நேரத்தோடு நடத்தும் போராட்டம். காலையில் ஒரு முகவரி பதிவாகிறது, நண்பகலில் செய்திகள் புறப்படுகின்றன, இரவுக்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போய்விடுகிறது. மறுநாள் அந்தப் பக்கத்தை முடக்கிவிட்டோம் என்று அறிக்கை எழுதுவதில் எனக்குச் சிறிதும் மனநிறைவு கிடைப்பதில்லை.

இத்துறைக்கு நான் வந்ததற்கு 2021 டிசம்பரில் நடந்தவையே காரணம். ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அனுப்புநர் பெயர் வரும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதி அனுப்ப முடிந்த காலம் அது. ஒரே பெயரில் வரும் செய்திகளையெல்லாம் கைப்பேசி ஒரே வரிசையில் அடுக்கிவிடும் என்பதால், வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளுக்கு நேர் கீழே போலிச் செய்தியும் வந்து நின்றது. ஆண்டுக்கணக்கில் நம்பிய ஒரு வரிசையில் வந்த செய்தியை நம்பியவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் அவர்களுக்கு முழுத் தொகையையும் வழங்கியது.

அதன் பிறகு விதிகள் மாறின. வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் இணைப்புகள் இருக்கக் கூடாது என்றும், வேறொரு கைப்பேசியில் புதிதாக நிறுவப்படும் மின்னிலக்க டோக்கன் (வங்கிக் கணக்கில் நுழையவும் பணம் அனுப்பவும் ஒப்புதல் தரும் செயலி வசதி) செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆக வேண்டும் என்றும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2022 ஜனவரியில் அறிவித்தன. அனுப்புநர் பெயர்களைப் பதிவுசெய்வது 2023 ஜனவரி 31 முதல் கட்டாயமானது. பதிவில்லாத பெயர்களில் வருபவை ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற அடையாளத்தைத் தாங்கி வருகின்றன. மோசடிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் குறுஞ்செய்திப் பாதையைத் தொடாத வாட்ஸ்அப், டெலிகிராம், ஐமெசேஜ் பக்கம் நகர்ந்தார்கள். அந்த 12 மணி நேரக் காத்திருப்பைத் தொல்லை என்று பலர் குறைகூறக் கேட்டிருக்கிறேன். எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதைவிட அருமையான விதி வேறில்லை. ஒருவர் தூங்கி எழுந்து தம் கணக்கைப் பார்க்கும்வரை திருடனைக் காக்க வைக்கும் விதி அது.

போலிப் பக்கங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். ஓர் இணையத்தளம் மறையாக்கப்பட்ட இணைப்பில் இயங்க அதற்குச் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழ்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏற்றப்படுகின்றன. அவ்வாறு ஏறாத புதிய சான்றிதழ்களைக் குரோம் உலாவி 2018 முதல் ஏற்பதில்லை. எங்கள் மென்பொருள் அந்தப் பதிவேடுகளை இரவும் பகலும் படித்து, வங்கி, அஞ்சல், சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசு சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), சாலைக் கட்டணம் தொடர்பான பெயர்களைத் திரித்து எழுதிய முகவரிகளைப் பொறுக்கி எடுக்கிறது. சிறிய எல் எழுத்துக்குப் பதிலாக ஒன்று என்ற எண்ணைப் போடுவதும், ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தைச் செருகுவதும் பழைய உத்திகள். இப்போது நான் அதிகம் காண்பது, முகவரியின் முற்பகுதியில் வங்கியின் பெயரைப் பிழையின்றி எழுதிவிட்டு, உண்மையான உரிமையாளரைக் காட்டும் பிற்பகுதியில் ‘.டாப்’, ‘.ஷாப்’ என்று முடியும் வேறொரு பெயரை வைப்பது. படிப்பவரின் கண் முற்பகுதியோடு நின்றுவிடும். பூட்டுச் சின்னம் இருந்தால் அது நல்ல தளம் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; போலித் தளங்களுக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும், அந்தச் சின்னத்தைக் குரோம் 2023-இல் எடுத்தேவிட்டது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பார்சல் பெயரில் வந்த ஒரு பக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் கிடங்கில் நிற்பதாகவும், மீண்டும் கொண்டுவர ஒரு வெள்ளிச் சொச்சம் கட்ட வேண்டும் என்றும் செய்தி வந்திருந்தது. அலுவலகக் கணினியில் இணைப்பைத் திறந்தால் ஒரு தேடுபொறியின் முகப்புப் பக்கம் வந்தது. மறுமுறை வெறும் வெள்ளைத் திரை. வைஃபையை அணைத்துவிட்டு, சிங்கப்பூர் சிம் அட்டை போட்ட கைப்பேசியில் திறந்தபோதுதான் பக்கம் தன் முகத்தைக் காட்டியது. நிறம், சின்னம், அடியில் இருக்கும் தனியுரிமை அறிக்கை எல்லாம் அசலைப் போலவே இருந்தன. முதலில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டையும் புளோக் எண்ணையும் கேட்டது. அடுத்து வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. பிறகு ‘காத்திருக்கவும்’ என்று ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது.

அந்த வட்டம் சுழலும் நேரத்தில்தான் மறுமுனையில் திருட்டு நடக்கிறது. நீங்கள் தட்டிய அட்டை எண் அங்கே உடனுக்குடன் போய்ச் சேர, அதை அவர்கள் உண்மையான ஒரு கடையின் கட்டணப் பக்கத்திலோ, தங்கள் கைப்பேசியின் மின்பணப்பையிலோ உள்ளிடுகிறார்கள். வங்கி வழக்கம்போல உங்களுக்கு ஓடிபி அனுப்புகிறது. வட்டம் நின்று, ஓடிபி கேட்கும் கட்டம் திறக்கிறது. எதற்காக இந்த எண் என்பது அந்த ஓடிபி செய்தியிலேயே எழுதியிருக்கும். ஆனால் அவசரத்தில் கண் ஆறு இலக்கங்களை மட்டுமே தேடுகிறது.

முகத்தை ஒளித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எங்களுக்கு வேறொரு தொல்லையையும் தருகிறது. பக்கத்தை முடக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. முகவரியைப் பதிவுசெய்து கொடுத்த நிறுவனத்துக்கும் பக்கத்தைத் தாங்கும் சேவையகத்துக்கும் எழுத வேண்டும். ஆதாரத்துடன் புகார் வந்தால் ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டி விவரங்களைத் திருடும்) முகவரிகள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது, இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தத் திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 5 முதல் பதிவாளர்களின் கடமை. அப்படியிருந்தும் வேறொரு நாட்டில் அமர்ந்து நம் புகாரைப் படிக்கும் ஊழியர் இணைப்பைத் திறந்தால் அவருக்கும் வெள்ளைத் திரைதான் தெரியும். “இங்கே எதுவும் இல்லையே” என்று புகாரை மூடிவிடுவார். ஆகவே திரையைப் பிடித்த படங்கள், அவை எடுக்கப்பட்ட நேரம், எந்த நாட்டு இணைப்பில் எந்த வகைக் கைப்பேசியில் திறந்தால் பக்கம் தெரியும் என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறோம். கூடவே உலாவிகளின் எச்சரிக்கைப் பட்டியல்களுக்கும் முகவரியை அனுப்பிவிடுவோம். பக்கம் உயிரோடு இருந்தாலும் திறக்கப்போகிறவர் முன் சிவப்புத் திரை தோன்றினால், பாதிப் பேராவது திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் எங்கள் மென்பொருள் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. துவாஸ் பகுதியில் உள்ள வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றிலிருந்து ஒரு தம்பி எங்கள் புகார் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினார். “அண்ணே, பெர்மிட் புதுப்பிக்கணும்னு எம்ஓஎம் பேர்ல வந்திருக்கு. தட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு அனுப்புறேன்.” இணைப்பைப் பார்த்தோம். வெளிநாட்டுப் பல் மருத்துவர் ஒருவரின் இணையத்தளத்தில் புகுந்து, அதன் உள்ளடுக்கு ஒன்றில் மனிதவள அமைச்சின் பக்கத்தைப் போன்ற ஒன்றை வைத்து, சிங்பாஸ் விவரங்களைக் கேட்டிருந்தார்கள். முகவரி பழையது, சான்றிதழும் பழையது. பதிவேட்டைப் படிக்கும் மென்பொருளுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அந்தத் தம்பி கேட்டிருக்காவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவருடைய அறையில் வேறொருவர் அதற்குள் விவரங்களைக் கொடுத்துவிட்டு, பிறர் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்காமல் படுத்திருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அறையினரின் கைப்பேசிக் குழுவில் வந்த எச்சரிக்கையைப் பார்த்த பிறகே அவர் பேசினார். நல்லவேளையாக அவர் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை.

இந்த வேலையில் என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கட்டணம் செலுத்துவோர் வங்கிகளும் பெரிய வணிக நிறுவனங்களும்தான். கட்டணம் செலுத்துபவரின் பெயரைத்தான் மென்பொருள் இரவு பகலாகத் தேடுகிறது. தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்பித்தரும் சிறு கடையின் பெயரில் ஒரு போலிப் பக்கம் எழுந்தால் அதைத் தேடுபவர் யாருமில்லை. ஆனால் அங்கே ஏமாறுபவர் இழப்பதோ ஒரு மாதச் சம்பளம். அப்படிப்பட்ட புகார்களையும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் குழு நிர்வாகத்திடம் வாதாடிப் பெற்றது. இத்துறையில் உள்ள மற்ற நிறுவனங்களும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி: வங்கியின் அவசர அழைப்புப் பிரிவில் பணிபுரியும் உறுப்பினர்

நேரம் பற்றி நீங்கள் எழுதியதை மறுமுனையிலிருந்து நானும் காண்கிறேன். அழைப்பவர்கள் நடந்ததைச் சொல்வதற்கு முன்பு மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஈசூனிலிருந்து அழைத்த ஓர் அம்மா, “மகனுக்குத் தெரியாம முடிச்சுக் குடும்மா” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “அம்மா, மகனைப் பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல கணக்கை முடக்கிடலாம்” என்று நான்தான் குறுக்கிட்டேன். முந்தைய நாள் மாலையே அவர் விவரங்களைக் கொடுத்திருக்கிறார். இரவு முழுவதும் தூங்காமல் இருந்துவிட்டுக் காலையில்தான் அழைத்திருக்கிறார். புதிய டோக்கனுக்கான 12 மணி நேரக் காத்திருப்பு முடியாத நிலையில் இருந்ததால் அவருடைய சேமிப்பு தப்பியது.

வாடிக்கையாளர் தாமே தம் கணக்குகளை உடனடியாக முடக்கிக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஊழியருடன் பேசக் கூச்சப்படுபவர்கள் அதைப் பயன்படுத்தலாம். யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோரின் வங்கிச் செயலியில் அது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இன்றைக்கே காட்டிக்கொடுங்கள்.

மறுமொழி: நூலகத்தில் மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன் கற்பிக்கும் தொண்டூழியர்

2024-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாகி, 1.1 பில்லியன் வெள்ளி பறிபோனது என்ற காவல்துறைக் கணக்கை வகுப்பில் சொன்னால் மூத்தோர் தலையசைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: போன பணம் திரும்பி வருமா? இதற்குத் தெளிவான விடையைத் தர முடியுமா?

முதல் பதிவு எழுதியவரின் விடை

ஒரு பகுதிக்கு விடை உண்டு. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பின்படி, வங்கி தனக்கு விதிக்கப்பட்ட கடமைகளில் தவறியிருந்தால் இழப்பை வங்கி ஏற்க வேண்டும். வங்கி சரியாகச் செய்து, தொலைத்தொடர்பு நிறுவனம் தவறியிருந்தால் அந்நிறுவனம் ஏற்க வேண்டும். இருவரும் கடமையைச் செய்திருந்தால் அந்தக் கட்டமைப்பின் கீழ் இழப்பீடு கிடைக்காது. போலிப் பக்கத்தில் விவரங்களைக் கொடுத்து, அதைக் கொண்டு வேறொருவர் பணத்தை எடுத்த மோசடிகளுக்கே இது பொருந்தும். காதல், முதலீடு என்று நம்பித் தாமே அனுப்பிய பணத்துக்கும், தீங்கு மென்பொருளால் இழந்த பணத்துக்கும் பொருந்தாது. ஆகவே மூத்தோரிடம் “கட்டாயம் வரும்” என்று சொல்லிவிடாதீர்கள்.

விவரங்களைக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்க வேண்டும், அடுத்துக் காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை, சந்தேகமாக மட்டும் இருக்கிறது என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துக் கேட்கலாம். எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள்: திரையைப் படமெடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், இணைப்பைத் திறக்காமல் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, எழுத்தாகவே அனுப்புங்கள், செய்தி வந்த நேரத்தையும் அது எந்தச் செயலியில் வந்தது என்பதையும் எழுதுங்கள். படத்தில் பாதி முகவரி மறைந்திருந்தால், மீதியைத் தேடுவதற்கே எங்களுக்கு நேரம் போய்விடுகிறது.