மறு: ‘ஆர்த்தோபோட்டோ’வுக்குத் தமிழ்ச் சொல்: ‘நேர்வான்படம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். தருமபுரியில் நில அளவை வேலை செய்கிறேன். இப்போது பெரும்பாலும் ட்ரோன் படங்களோடுதான் பொழுது போகிறது. சொல்லாய்வு என் துறை இல்லை. ஆனால் நீங்கள் பேர் வைக்கப் பார்க்கும் ஆர்த்தோபோட்டோவை, அதாவது மேலிருந்து எடுத்து, மேடுபள்ளத்தால் வரும் தள்ளலைத் திருத்திய நிலத்தின் படத்தை, தோட்டத்துக்காரர்களிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது விளக்கிச் சொல்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

> தாசில்தார், ஜமாபந்தி, சர்வேயர் எல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள்தானே. ஆர்த்தோபோட்டோவும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1792இல் பாரமகால் (எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பேர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி ஏற்பாட்டுக்கு இறங்கிய காலத்திலிருந்து இந்த மண் அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அளவையோடு வந்த சொற்களும் ஊறிப்போய்விட்டன. ஜமாபந்தியில் என்ன நடக்கும் என்று பாலக்கோட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். ‘ஆர்த்தோ’ அப்படி ஊறவில்லை. எங்கள் ஊரில் ஆர்த்தோ என்றால் எலும்பு டாக்டர், அவ்வளவுதான். அதனால் நாங்கள் கொடுக்கும் படத்தை எல்லாரும் ‘கூகுள் படம்’ என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதே, இது வேடிக்கை பார்க்கத்தான், அளக்க முடியாது என்ற எண்ணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. எனக்கு வருத்தம் அங்கேதான். ஏனென்றால் இந்தப் படத்தின் சிறப்பே இதன்மேல் அளக்கலாம் என்பதுதான்.

> ‘செங்குத்து வான்படம்’ என்பது எளிது, பாடநூல் தமிழோடும் ஒத்துப்போகிறது.

இது வேறொரு பொருளின் பேர். கேமராவை நேர் கீழே பார்க்கவைத்து எடுத்தால் அது செங்குத்துப் படம். அந்தப் படம் நேர்ப்பட்ட படம் ஆகிவிடாது. எங்கள் பக்கத்துக் கரட்டை வைத்தே சொல்கிறேன். ட்ரோன் தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் நேர் கீழே இருக்கும் இடத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி, 25 மீட்டர் உயரமான கரட்டின் மேல் ஒரு எல்லைக்கல் இருக்கிறது. கேமராவின் பார்வைக் கோடு அந்தக் கல்லைத் தொட்டு, சாய்வாகவே போய்த் தரை மட்டத்தில் விழும் இடம் 80 மீட்டர். அதாவது கல் 20 மீட்டர் வெளியே தள்ளித் தெரியும். கேமரா மிகச் சரியாகச் செங்குத்தாக இருந்தாலும் இதுதான் நடக்கும். லென்ஸ் ஒரே ஒரு இடத்திலிருந்து பார்க்கிறது, நிலமோ மேடும் பள்ளமுமாக இருக்கிறது. தஞ்சாவூர் வயலில் இந்தத் தள்ளல் பெரிதாகத் தெரியாது. பென்னாகரம், அஞ்செட்டி, தொப்பூர் பக்கம் இதைத் திருத்தாமல் ஒரு வேலியைக்கூட அளக்க முடியாது.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல்லும் தானாக வரும் என்பது என் நம்பிக்கை. ஒவ்வொரு படமும் அடுத்ததோடு முக்கால் பங்காவது மேற்கவியும்படி பறக்கிறோம். ஒரே வரப்பு முனையைப் பல படங்களில் பல கோணத்தில் பார்ப்பதால், அதன் உயரத்தைக் கணக்கிட முடிகிறது. அப்படி ஊர் முழுக்க உயரம் கிடைத்ததும், படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்துக்கு ஏற்ப எடுத்து, அது உண்மையில் இருக்கும் இடத்தில் திரும்ப வைக்கிறது மென்பொருள். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே ஒரு கண் இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. கொத்தனார் சுவரின் பக்கத்தில் குண்டு தொங்கவிட்டுத் தூக்குப் பார்ப்பார் இல்லையா, அதேபோல நிலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நூல். ‘தூக்குப் படம்’ என்றே வைக்கலாமே என்று என்னோடு வேலை செய்யும் தம்பி சொன்னான். தொழில் மணக்கும் சொல்தான். ஆனால் தூக்கு என்றதும் வேறு நினைவு வந்துவிடும், வேண்டாம்.

> ‘திருத்திய வான்படம்’?

இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பொருள் தவறில்லை. ஆனால் இந்தப் படம் கடைசியில் எல்லைத் தகராறில் போய் நிற்கும். ‘திருத்திய படம்’ என்று தலைப்புப் போட்டு ஒரு காகிதத்தை நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ‘யார் திருத்தியது?’ என்பதாகத்தான் இருக்கும். பத்திரத்தில் ஒரு எழுத்துத் திருத்தினாலே பக்கத்தில் கையெழுத்துக் கேட்கும் ஊர் நம்முடையது.

என் முன்மொழிவு ‘நேர்வான்படம்’. கிரேக்கத்தில் ‘ஓர்த்தோஸ்’ என்றால் நேரானது, நிமிர்ந்தது, சரியானது. தமிழில் ‘நேர்’ என்ற ஒற்றை அசை இத்தனையையும் தாங்குகிறது. நேர்கோடு, நேர் மேலே, நேர்மை. இதிலிருந்து வினையும் எளிதாகப் பிறக்கும்: படத்தை நேர்ப்படுத்துவது. ‘நேர்ப்படம்’ என்று இன்னும் சுருக்கலாம் என்று பார்த்தேன். பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலிருந்து போடும் பாசிட்டிவுக்கு அது பொருந்திவிடும் என்பதால் நடுவில் ‘வான்’ சேர்த்தேன்.

சரி, பேர் ஒருபுறம் இருக்கட்டும். அதைவிட எனக்கு அவசரமாகத் தோன்றுவது துல்லியத்தைச் சொல்லும் சொற்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா மரம், பின்புறம் கரடு. வெளியூர் நிறுவனம் ஒன்று படம் எடுத்துக் கொடுத்திருந்தது, பேர் வேண்டாம். அறிக்கையில் ‘பிழை 2 செ.மீ.’ என்று இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒத்துக்கொள்ளாததால் என்னை அழைத்தார்கள். டி.ஜி.பி.எஸ். (சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள் கருவி) வைத்து எல்லைக் கற்களை அளந்தேன். தார் ரோட்டுப் பக்கம் 3 செ.மீ.க்குள் இருந்தது. கரட்டுப் பக்கம் முக்கால் மீட்டர் தள்ளியிருந்தது. காரணம் தேடினால், தரையில் வைத்த புள்ளிகள் எல்லாமே ரோட்டோரம். கரட்டில் ஏற யாரும் மெனக்கெடவில்லை. அதைவிட மோசம், படத்தை நிலத்தோடு பொருத்தப் பயன்படுத்திய அதே புள்ளிகளை வைத்தே பிழையையும் கணக்கிட்டிருந்தார்கள். தான் பிடித்த இடத்தில் படம் சரியாகத்தானே இருக்கும்! வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான்.

பொருத்துவதற்கான புள்ளி வேறு, சோதிப்பதற்கான புள்ளி வேறு. இப்போது தமிழில் இரண்டையும் ‘கட்டுப்பாட்டுப் புள்ளி’ என்று கலந்து எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியோ இரண்டாவதை, அதாவது ஆங்கிலச் ‘செக்பாயிண்ட்’டை, ‘சோதனைச் சாவடி’ ஆக்கிவிடுகிறது. முதலாவதை ‘முளைப்புள்ளி’ என்று சொல்ல விரும்புகிறேன். முளை அடித்து மாட்டைக் கட்டுகிறோம், முளை அடித்து வீட்டுக்கு அஸ்திவாரக் கயிறு கட்டுகிறோம். படத்தையும் அப்படித்தான் நிலத்தில் கட்டுகிறோம். இரண்டாவது ‘சாட்சிப்புள்ளி’. படம் உருவானதில் அதற்குப் பங்கு இருக்கக் கூடாது. படம் முடிந்த பிறகுதான் அது வாய் திறக்க வேண்டும்.

எத்தனை சாட்சி வேண்டும்? அமெரிக்க ஒளிப்பட அளவை, தொலையுணர்வுக் கழகத்தின் 2014 தர வரையறை குறைந்தது 20 என்றது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு 30 ஆக்கியது. அவை ஒரே பக்கம் குவியாமல் நிலம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், படத்தைவிடத் துல்லியமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு படத்தில் கல் இருக்கும் இடத்துக்கும் நிலத்தில் அளந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. இதற்கு மட்டும் புதுச் சொல் தேட வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வாயு மூலக்கூறுகளுக்குச் சராசரி இருமடிமூல வேகம் படித்தவர்கள்தானே நாம். ‘சராசரி இருமடிமூலப் பிழை’ என்றால் போதும். வெறும் சராசரி ஏன் ஆகாது என்று தம்பி கேட்டான். 10 சாட்சிகளில் 9 பேர் 3 செ.மீ. என்கிறார்கள், ஒருவர் 30 செ.மீ. என்கிறார். சராசரி 5.7. இருமடிமூலம் 9.9. அந்த ஒருவரின் குரலை அது அமுக்குவதில்லை. கரட்டின் மேல் நிற்கும் கல் பெரும்பாலும் அந்த ஒருவர்தான்.

இன்னொன்று. ‘இந்தப் படத்தின் துல்லியம் 2.7 செ.மீ.’ என்று விற்கிறார்கள். அது துல்லியம் இல்லை, படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் மூடும் அகலம். கேமராச் சில்லில் ஒரு புள்ளி 2.4 மைக்ரான், குவியத்தூரம் 8.8 மி.மீ., உயரம் 100 மீட்டர் என்றால் அந்த 2.7 வரும். படம் முழுவதும் ஒரு மீட்டர் நகர்ந்து கிடந்தாலும் இந்த எண் மாறாது. இதைப் ‘புள்ளியகலம்’ என்று தனியாகச் சொன்னால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன். சொல் மாறினாலும் பரவாயில்லை. முளையும் சாட்சியும் கலக்காமல் இருந்தால் போதும்.

தருமபுரியிலிருந்து.

---

ஐயா, வணக்கம். ஓசூரிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவுக்கு அளவையியல் எடுக்கிறேன்.

சாட்சிப்புள்ளி அருமை, நாளையே வகுப்பில் சொல்லிவிடுவேன். முளைப்புள்ளியை மாணவர்கள் முளைவிடுவது என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீடு கட்டும் இடத்தில் வளர்ந்தவர்கள், பழகிவிடும்.

‘நேர்வான்படம்’ பற்றித்தான் இரண்டு தடங்கல். வான்படம் என்று பிரித்துப் படித்தால் வானத்தின் படம் ஆகிவிடுகிறது. நட்சத்திரப் படத்துக்கும் அதையே சொல்லலாம். இரண்டாவது, செயற்கைக்கோள் படத்தையும் இதே முறையில் நேர்ப்படுத்துகிறார்கள். எடுத்த இடத்தைப் பேரில் வைப்பதைவிட, காட்டும் பொருளை வைக்கலாமே. ‘நேர்நிலப்படம்’ எப்படி?

அப்புறம் ஒரு வேண்டுகோள். உயரக் கணக்கில் வெறும் தரையை மட்டும் எடுத்தால், கட்டடக் கூரை நேர்ப்படுவதில்லை. எங்கள் ஊரில் அடுக்கு மாடிகள் தெருவின் மேல் சாய்ந்தே தெரிகின்றன. கட்டட உயரத்தையும் சேர்த்துச் செய்யும் படத்துக்குத் தனிப்பேர் வேண்டும்.

---

அம்மா, நன்றி. முதல் தடங்கலை நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது இன்னும் சரியானது. பறந்தது எது என்பது தோட்டத்துக்காரருக்குத் தேவையில்லாத செய்தி.

‘நேர்நிலப்படம்’ என்பதில் ஒரு சந்தேகம் இருந்தது. நிலப்படம் என்றால் கோடும் குறியும் போட்ட வரைபடம் என்று நினைப்பார்களே என்று. நேற்று இரவு முழுக்க அதை உருட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் எப்படி ஸ்கேல் வைத்து அளக்கிறோமோ அப்படியே இதிலும் அளக்கலாம். அந்த நினைவு வந்தால் நல்லதுதான். என் சொல்லை எடுத்துவிட்டு உங்கள் சொல்லை ஏற்கிறேன்.

கட்டடம் பற்றி நீங்கள் சொன்னது ஓசூருக்கு மட்டும் இல்லை. 100 மீட்டர் உயரத்தில் பறந்து, நேர் கீழிடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி 10 மீட்டர் உயர வீடு இருந்தால், கூரை விளிம்பு நாலரை மீட்டர் அளவுக்கு வெளியே விழும். ஒரு சந்தின் அகலம் அது. கட்டடமும் நேர்ப்பட்ட படத்தை ‘முழுநேர் நிலப்படம்’ எனலாம். மற்றதை வெறும் நேர்நிலப்படம் என்று விட்டால், கூரையைத் தொட்டு அளக்காதீர்கள் என்று கூடவே ஒரு வரி எழுத வேண்டும். அடிச்சுவர் தெரிந்தால் அங்கே அளக்கலாம்.

பல படங்களைச் சேர்த்து ஒட்டிய பெரிய படத்துக்கு ‘நேர்நிலப்படத் தொகுப்பு’ போதும் என்று நினைக்கிறேன், அதில் விவாதம் தேவைப்படாது.

அரூர்ப் பக்கம் தீர்த்தமலை அடிவாரத்தில் அடுத்த வாரம் ஒரு வேலை இருக்கிறது. அறிக்கையைத் தமிழிலேயே எழுதப்போகிறேன்: நேர்நிலப்படம், புள்ளியகலம், முளைப்புள்ளி, சாட்சிப்புள்ளி, சராசரி இருமடிமூலப் பிழை. எந்தச் சொல்லுக்கு உரிமையாளர் விளக்கம் கேட்கிறார், எதைக் கேட்காமல் புரிந்துகொள்கிறார் என்று குறித்துவைத்து இங்கே எழுதுகிறேன். அதன் பிறகு தமிழ்நாடு அரசின் சொல் திரட்டான சொற்குவைக்கு அனுப்புவோம்.