தடிமன் குளிசை: நாங்கள் கண்டவை

உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை:
சென்ற மாரியில் அப்பாவுக்குத் தடிமனும் கடும் மூக்கடைப்பும் ஏற்பட்டபோது, பாமசியில் கேட்டு வாங்கிய குளிசையை அவர் காலையும் மாலையும் எடுத்தார். மூக்கு திறந்தது, ஆனால் அன்றிரவு சிறுநீர் ஒரு சொட்டும் போகவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட, வைத்தியசாலையில் குழாய் செலுத்தியே சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அப்பாவுக்குச் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள புரொஸ்டேட் சுரப்பியில் வீக்கம் இருப்பதை அறிந்த வைத்தியர், முதலில் கேட்டதே தடிமனுக்கு என்ன எடுத்தார் என்பதைத்தான்.

அந்தக் குளிசையில் இரண்டு மருந்துகள் இருந்தன. தும்மலையும் மூக்கொழுகலையும் அடக்கும் குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பைத் தசை சுருங்கும் வலுவையும் குறைக்கக்கூடியது. மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்கும் சூடோஎபெட்ரின், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியையும் இறுக்கக்கூடியது. வீக்கத்தால் ஏற்கெனவே ஒடுங்கியிருந்த பாதையில் இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் என்னவாகும் என்பதை வைத்தியர் சொன்ன பிறகு, அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் எங்கள் வீட்டில் எவரும் தடிமன் மருந்து எடுப்பதில்லை. அந்த எழுத்தை அவ்வளவு சிறிதாக அச்சிடுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

கிண்ணியாவிலிருந்து, வான் ஓட்டும் ஒருவர்:
அதே வகைத் தடிமன் குளிசையை எடுத்தபோது எனக்கு நடந்தது தூக்க மயக்கம். மூதூர் வீதியில் கண் சொருகத் தொடங்கியதும் வானை ஓரமாக நிறுத்திவிட்டுத் தம்பியை வரச் சொன்னேன். அந்தக் கூட்டு மருந்து உடலில் இருக்கும்வரை வாகனம் ஓட்டுவதும், இயந்திரப் படகில் தொழிலுக்குப் போவதும் ஆபத்து என்று பின்னர் வைத்தியர் கூறினார். மூக்கொழுகல் நிற்கவில்லையென்று உம்மா எனக்குப் பிரிற்றனும் தர இருந்தார். அதிலும் இருப்பது தூக்கம் வரவைக்கும் அதே குளோர்பெனிரமின்தான்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து, ஓய்வுபெற்ற மருந்தாளர்:
மேலே சொல்லப்பட்ட இரண்டையும் என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். இவற்றைவிட என்னை அஞ்ச வைத்தவர்கள், பிறஷருக்கு ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டே மூக்கடைப்புக்கும் குளிசை கேட்பவர்கள். மூக்கிலுள்ள குழாய்களைச் சுருக்கும் மருந்து உடலெங்கும் அவ்வாறே செய்யக்கூடியது என்பதால் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் உயரலாம். கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பல தடிமன் குளிசைகளில் பரசிற்றமோலும் சேர்ந்திருக்கும். காய்ச்சலுக்கென்று தனியாகப் பனடோலும் எடுத்தால், வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்துக்குரிய உச்ச அளவான 4 கிராமைத் தாண்டுவது மிக எளிது.

சூடோஎபெட்ரினுக்குப் பதிலாகப் பீனைல்எப்ரின் சேர்த்த குளிசைகளும் உண்டு. வாயால் எடுக்கும் பீனைல்எப்ரின் மூக்கடைப்பை நீக்குவதற்குச் சான்றில்லை என்று 2023 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு முடிவு செய்தது. பலனே ஐயத்துக்குரியதாக இருக்கையில், அதற்காகப் பிறஷரைப் பணயம் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அத்தகையவர்களுக்கு மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டையே முதலில் சொல்வேன். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இக்கூட்டு மருந்தைக் கேட்டு வந்தவர்களை, பாணி வடிவில் கேட்டாலும், வைத்தியரிடமே அனுப்பினேன்.