ஓநாய் ஊதினால் புழுக்கம் தீருமா? தேவதைக் கதைகளைக் கேலிப்பாட்டாக்குவது பற்றி ஒரு வாக்குவாதம்

பாலாற்றங்கரையான்

எங்கள் பகுதி நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். மூன்று பன்றிக்குட்டிகள் கதையைச் சிந்து மெட்டில் வேலூருக்கு இழுத்துவந்து ஒரு பாட்டு எழுதினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "நல்ல கதையைக் கெடுத்துவிட்டாய் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டு இதுதான்:

பாலாற்றங் கரையோரம் பன்றிக்குட்டி மூணு;
ஓலைவீட்டை ஓநாய்வந்து ஊதப்போச்சு காணு.
குச்சிவீடும் அடுத்தமூச்சில் குப்புறவே சாய,
மிச்சமுள்ள செங்கல்வீட்டில் மூணும்போய்ப் பாய,
கத்திரிவெயில் காயும்மதியம், கரண்டும்போன நேரம்;
ஒத்தைச்சன்னல் பக்கம்வந்து ஓநாய்நின்ற ஓரம்
"ஊதட்டுமா? வீட்டையிப்போ உடைக்கட்டுமா?" என்க,
"ஊதுமாமா! ஊதுமாமா! உள்புழுக்கம் நீங்க!"
சாயங்காலம் ஆகுமட்டும் சளைக்காமல் ஊதி
ஓயாமலே மூச்சுவாங்கி ஓநாய்இப்போ பாதி.

மூலக்கதையில் வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு என்று வரிசையாக வரும். முதல் இரண்டையும் ஓநாய் ஊதித் தள்ளும், மூன்றாவது அசையாது. இதில் நான் எதைக் கெடுத்தேன்? நீங்களே சொல்லுங்கள்.

குடியாத்தம் டீச்சர்

நான் அந்தப் பெரியவர் கட்சி. பாட்டு நன்றாகவே இருக்கிறது, அதுதான் பிரச்சினையே. இந்தக் கதையில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: கதவுக்கு வெளியே நிற்கிற பயம். அந்த ஓநாயை நீங்கள் டேபிள் ஃபேன் ஆக்கிவிட்டீர்கள். சிரிப்பு வந்தது, சரி. அப்புறம் என்ன மிஞ்சியது?

இன்னொன்றும் உண்டு. நான் பாடம் எடுப்பது கிராமத்துத் தொடக்கப்பள்ளியில். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தப் பன்றிக்குட்டிக் கதையே தெரியாது. ஆங்கிலப் படப்புத்தகம் வாங்கிக் கொடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். தெரியாத பிள்ளையிடம் கேலியை முதலில் கொடுத்தால் அது எதைக் கேலி செய்கிறது என்றே புரியாது. காக்கா வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடியது, நரி ஏமாந்தது என்று சொன்னால் எங்கள் வகுப்பே கூரை அதிரச் சிரிக்கும். ஏனென்றால் வடை கீழே விழுந்த கதையை ஆயா மடியிலேயே கேட்டுவிட்டார்கள். பன்றிக்குட்டிக்கு அந்த ஆயா இங்கே இல்லை.

லாங்பஜார் வாசகன்

டீச்சர், வணக்கம். ‘நல்ல கதையைக் கெடுத்தாய்’ என்கிறார்களே, எந்த நல்ல கதை? ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் தொகுத்த ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் முதல் இரண்டு குட்டிகளையும் ஓநாய் தின்றுவிடும். மூன்றாவது குட்டி, புகைபோக்கி வழியே இறங்கும் ஓநாயைக் கொதிக்கிற பானையில் பிடித்து, மூடி போட்டு வேகவைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தின்றுவிடும். குட்டிகள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தப்பி ஓடுவது வால்ட் டிஸ்னியின் 1933 கார்ட்டூனில் பிரபலமானது. பாலாற்றங்கரையான் ‘மூணும்போய்ப் பாய’ என்று எழுதியிருப்பது அந்தக் கார்ட்டூன் வழி. பெரியவர் மனசில் இருந்த ‘அசல்’ கதையும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களை எடுங்கள். முதல் பதிப்பு 1812. அதில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக மாற்றிவிட்டார்கள். 1857 வரை அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார்கள். தொகுத்தவர்களே சும்மா இருக்கவில்லை, நம் ஊர்க்காரர் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

கேலிப்பாட்டு ஏதோ இந்தக் காலத்துக் கெட்ட பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோவின் உரைநடைத் தேவதைக் கதைகள் 1697இல் புத்தகமாக வந்தன. அதற்கு முன்னாலேயே, 1693இல், அவர் செய்யுளில் ஒரு கதை எழுதியிருக்கிறார். ஒரு விறகுவெட்டிக்கு மூன்று வரம் கிடைக்கிறது. அடுப்பைப் பார்த்ததும் வாய் ஊறி, ஒரு முழம் சாசேஜ் கேட்டுவிடுகிறான். பெண்டாட்டி திட்டித் தீர்க்கிறாள். எரிச்சலில் ‘இது உன் மூக்கிலேயே தொங்கட்டும்’ என்கிறான், தொங்குகிறது. மூன்றாவது வரம் அதைக் கழற்றவே செலவாகிவிடுகிறது. மன்னர் சபையில் புழங்கிய மனிதர் எழுதியது இது.

ஆம்பூரான்

அந்த ஓநாய்க்கு யாராவது ஒரு பிளேட் பிரியாணி, கூடவே கொஞ்சம் கத்திரிக்காய் தொக்கு கொடுங்கப்பா. சாயங்காலம் வரை ஊதியிருக்கு.

குடியாத்தம் டீச்சர்

லாங்பஜார் சார், நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் ஓட்டு. 1890 கதையில் இரண்டு குட்டிகள் சாகின்றன, ஓநாய் வேகிறது. கார்ட்டூன் சாவை எடுத்தது. இப்போது பாலாற்றங்கரையான் பயத்தையும் எடுத்துவிட்டார். மாற்றக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? ஒவ்வொரு மாற்றத்திலும் எது கழிந்துபோகிறது என்று பாருங்கள் என்கிறேன். அந்த விறகுவெட்டிக் கதையில்கூட வரம் வீணாகிறதே என்ற பதைப்பு கடைசி வரை இருக்கிறது. பெண்டாட்டி மூக்கில் நிரந்தரமாகத் தொங்கிவிடுமோ என்று கேட்பவனுக்கு ஒரு கணம் திக்கென்கும். உங்கள் பாட்டில் எந்த இடத்தில் திக்கென்கிறது?

செய்யாற்றுக் கூத்துரசிகன்

வட ஆற்காட்டில் பிறந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறோமே என்று சிரிப்பாக இருக்கிறது. நம் மண்ணில் பாரதக்கூத்து ஆடாத துரௌபதி அம்மன் கோயில் உண்டா? ராத்திரி ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று கிரீடத்தை ஆட்டும்போதே, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேலையை ஆரம்பித்துவிடுவான். ‘யாரப்பா நீ?’ என்பான். ‘நான்தான் துரியோதன மகாராஜா’ என்றால், ‘அப்படியா, போன வாரம் கடனுக்குக் காராமணி வாங்கிட்டுப் போனது நீதானே?’ என்கிற மாதிரி ஏதாவது கொளுத்திப் போடுவான். பஞ்சாயத்துத் தகராறு, பஸ் வராதது எல்லாம் அஸ்தினாபுரத்துக்குள் வந்துவிடும். கூட்டம் உருண்டு புரளும்.

அதே மேடையில், அதே ராத்திரியில், துகிலுரியும் கட்டம் வரும். சிரித்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சிலருக்குச் சாமியே வந்துவிடும். கட்டியங்காரன் அடித்த கிண்டலால் பாஞ்சாலி சபதத்துக்கு ஒரு சொட்டுக் குறைந்ததா? கேலி கதையைக் கொல்லும் என்பது கூத்துப் பார்க்காதவர் பேச்சு. (டீச்சரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.)

முழுக் கதையையே கவிழ்த்துப்போட்டவர்களும் நம்மிடம் உண்டு. அரிச்சந்திரன் பொய்யே பேசமாட்டான். பம்மல் சம்பந்த முதலியார் அவனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத ‘சந்திரஹரி’யை நாடகமாக்கினார். அதற்காக யாரும் அரிச்சந்திரன் நாடகத்தை மூட்டைகட்டி வைக்கவில்லை. இன்றைக்கும் மயான காண்டம் பார்க்க விடிய விடிய உட்காருகிறார்கள்.

லாங்பஜார் வாசகன்

இதோ காட்பாடி பக்கத்துக் காங்கேயநல்லூரில் பிறந்த வாரியார் சுவாமிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நகைச்சுவை, ஒரு பாட்டு இல்லாமல் அவர் புராணம் சொன்னதே இல்லை. முன்வரிசையில் பிள்ளைகளைத்தான் உட்காரவைப்பார், கேள்வி கேட்பார்.

குடியாத்தம் டீச்சர்

கூத்துரசிகன் ஐயா, நான் பார்க்காதவள் இல்லை. எங்கள் அம்மா ஊர் ஆரணி பக்கம், சித்திரை வைகாசியில் பாய் போட்டுப் படுத்துக் கூத்துப் பார்த்து வளர்ந்தவள்தான். அதனால்தான் கேட்கிறேன்: கட்டியங்காரன் கூத்துக்குள்ளே நிற்கிறான். அவன் கேலி செய்த ராஜா அடுத்த நிமிஷம் திரையை விலக்கிக்கொண்டு சலங்கை அதிர நம் முன்னால் வந்து நிற்பான். துகிலும் அதே ராத்திரியில் நடக்கும். சந்திரஹரி பார்க்க வந்தவனுக்கும் அரிச்சந்திரனைத் தெரியும்.

நூலகத்தில் நடந்தது வேறு. அங்கே கட்டியங்காரன் மட்டும் வந்து பேசிவிட்டுப் போனான். ராஜாவும் வரவில்லை, பாஞ்சாலியும் வரவில்லை. பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

செய்யாற்றுக் கூத்துரசிகன்

ம். இது நல்ல அடி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கூத்துக்கு வருகிற குழந்தைக்குக் கட்டியங்காரன்தான் முதல் பழக்கம். அவனுக்காகத்தான் முழித்திருக்கும். பாஞ்சாலி அதற்கு அப்புறம்தான் புரிவாள், சில வருஷம் கழித்து. கேலி முன்னால் வந்தால் தப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

யாப்புக்கிறுக்கன்

எல்லாரும் தத்துவம் பேசுகிறீர்கள், பாட்டை யாரும் பாடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ‘ஓலை’, ‘பாலா’ எதுகை சரி. ‘குச்சி’, ‘மிச்ச’ ரொம்பச் சரி. ‘கத்திரிவெயில் காயும்மதியம்’ என்ற இடத்தில் நாக்கு தடுக்குகிறது, தாளம் போட்டுப் பாருங்கள். ‘கத்திரியில் காயும்பகல்’ என்றால் வழுக்கிக்கொண்டு போகும். கேலிப்பாட்டுக்குத்தான் தாளம் ரொம்ப முக்கியம். சோகப்பாட்டில் ஓசை கொஞ்சம் இடறினால் தொண்டை அடைத்தது என்று மன்னித்துவிடலாம். சிரிப்பு ஒரு அரை மாத்திரை தாமதமாக வந்தால் செத்தது.

‘ஊதி’, ‘பாதி’ என்று முடித்த இடம் பிரமாதம். ஓநாய் இளைத்ததை விவரிக்காமல் ஒரே சொல்லில் விட்டிருக்கிறார். உரைநடையில் இதே சேதியைச் சொன்னால் யாரும் உதட்டைக்கூட அசைக்கமாட்டார்கள்.

பாலாற்றங்கரையான்

யாப்புக்கிறுக்கன் அண்ணே, ‘கத்திரிவெயில்’ என்ற சொல் எனக்கு முழுசாக வேண்டும். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும்போது நாக்கு தடுக்கத்தான் செய்யும், இருக்கட்டும்.

டீச்சருக்கு: பயம் இல்லை என்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஓநாய் பயமே கிடையாது. அவர்கள் ஓநாயைப் பார்த்ததில்லை, அவர்கள் அப்பாவும் பார்த்ததில்லை. மத்தியானம் மின்விசிறி நின்றுபோவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்துக்குள் ஓநாயை இறக்கினேன். பலசாலி ஒருவன் மிரட்ட வருகிறான், மிரட்டப்படுகிறவன் ‘நல்லா ஊது’ என்று அவனையே வேலை வாங்குகிறான். எளியவன் பிழைக்கிற வழி இதுவும்தான். பானையில் போட்டு வேகவைப்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

குடியாத்தம் டீச்சர்

வேலை வாங்குகிறான் என்பது நல்ல வாதம். அதை யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் விளையாட்டுப் பாட்டு என்றாலே பல்லைப் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னது? சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையை எடுத்துக்கொள்கிறேன். கிரிம் கதையில் வேட்டைக்காரன் வந்து ஓநாய் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுப்பான். பெரோவின் 1697 கதையில் யாரும் வரமாட்டார்கள். ஓநாய் தின்றதோடு கதை முடியும், கீழே செய்யுளில் ஒரு புத்திமதி இருக்கும். அந்தப் புத்திமதி எனக்கு வேண்டாம், முடிவு வேண்டும். நேற்று ராத்திரி எழுதினேன்:

போர்வைக்குள்ளே பாட்டிபோலப் புரண்டுபடுத்த ஓநாய்
யார்வந்தாலும் ‘வா’வெனுமாம் அன்பொழுகும் தேனாய்.
"காதுஏனோ பெருசு, பாட்டி?" "கண்ணே, உன்னைக் கேட்க."
"ஏதுஇத்தனை பல்லு, பாட்டி?" — யாருமில்லை மீட்க.

இன்று காலை வகுப்பில் பாடினேன். முதல் மூன்று வரிக்குச் சிரித்தார்கள். கடைசி வரிக்குப் பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்புறம் மிஸ்?" என்றான். "அவ்வளவுதான்" என்றேன். "அவ அம்மா எங்க போனாங்க?" என்று ஒரு பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டும் அதையேதான் பேசினார்கள்.

ஆம்பூரான்

டீச்சர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைங்கம்மா! ராத்திரி எவன் தூங்குவான்?

குடியாத்தம் டீச்சர்

தூங்குவார்கள் தம்பி. நீங்களும் நானும் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை கேட்டுவிட்டுத் தூங்கவில்லையா?

யாப்புக்கிறுக்கன்

‘ஓநாய்’க்குத் ‘தேனாய்’! பாலாற்றங்கரையானுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். ‘காதுஏனோ’, ‘ஏதுஇத்தனை’ இரண்டும் இலக்கணப்படி ‘காதேனோ’, ‘ஏதித்தனை’ என்று புணர வேண்டும். புணர்த்தினால் பிள்ளைகளுக்குப் புரியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

லாங்பஜார் வாசகன்

எனக்கு ஒரு சந்தேகம். டீச்சர் பாடியதும் கதை தெரியாத பிள்ளைகளிடம்தானே? அவர்களுக்கும் ஆயா சொன்ன மூலக்கதை இல்லையே. அப்படியானால் உங்கள் முதல் வாதம் என்னாயிற்று?

குடியாத்தம் டீச்சர்

அங்கேயே நிற்கிறது. என் பாட்டே முழுக் கதை. முன்னால் எதுவும் தெரிய வேண்டாம். அவருடைய பாட்டில் சிரிக்க, ஓநாய் ஊதினால் வீடு விழுந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பாலாற்றங்கரையான்

என் பாட்டிலும் முதல் இரண்டு வீடும் விழுகிறதே! நாலு வரிக்குள் மூலக்கதையை வைத்துவிட்டுத்தான் ஐந்தாம் வரியில் கரண்டை நிறுத்துகிறேன். திரும்பப் படியுங்கள் டீச்சர்.

சரி, வருகிற சனிக்கிழமை இரண்டையும் வாசிக்கப் போகிறேன். என்னுடையது முதலில்.

குடியாத்தம் டீச்சர்

என்னுடையது முதலில் என்றால் சம்மதம். இல்லாவிட்டால் நானே பஸ் ஏறி வருகிறேன்.