காது ஜவ்வுல ஓட்டை, ஆபரேஷனுக்கு ஃபேசியாவா கார்டிலேஜா?

பஞ்சுமிட்டாய்77:
அம்மாவுக்கு 52 வயசு, சின்ன வயசுலேர்ந்தே இடது காது வடியும், சளி பிடிச்சா போதும் காலைல தலையணை உறையை மாத்தணும். இப்ப மூணு மாசமா காய்ஞ்சிருக்கு. ஆடியோகிராம்ல (கேக்குற திறன் டெஸ்ட்) 40 டெசிபெல் குறைவுன்னு வந்திருக்கு, ஜவ்வுல பாதிக்கு மேல ஓட்டை, டிம்பனோபிளாஸ்டி, அதாவது ஜவ்வ ஒட்டுற ஆபரேஷன் பண்ணணுமாம். முதல் டாக்டர் நெத்திப்பொட்டு பக்கத்துல ஃபேசியான்னு ஒரு மெல்லிய உறைய எடுத்து ஒட்டலாங்கறாரு, ரெண்டாவதா பாத்தவரு இந்தக் காதுக்கு அது நிக்காது குருத்தெலும்புதான் (கார்டிலேஜ்)னு சொல்றாரு. அவ்ளோ தடியான சாமானை வச்சா சத்தம் எப்படி உள்ள போகும்னு அம்மா கேக்குறாங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு காது மடல் கொழுப்ப வச்சே அடைச்சு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அத ஏன் எங்களுக்கு யாரும் சொல்லல?

ஈஎன்டி_பீஜி:
கொழுப்பு சின்ன ஓட்டைக்குத்தான் சார், பாதி ஜவ்வு போனதுக்கு சரிப்படாது. ஃபேசியாங்கறது மெல்லும்போது பொட்டுல துடிக்குதே அந்த தசை மேல இருக்குற உறை. 1950கள்ல தோல வச்சுத்தான் ஒட்டிட்டு இருந்தாங்க, அது உரிஞ்சு சீழ் புடிச்சுத் தொல்லை குடுத்ததால ஃபேசியாவுக்கு மாறினாங்க, இன்னிக்கும் அதுதான் அதிகம். காதுக்குப் பின்னாடி கீறுற அதே கீறல்லயே கிடைச்சிரும், காய வச்சா டிரேசிங் பேப்பர் மாதிரி ஆயிரும், வெட்டி வைக்க சுகமா இருக்கும். ஆனா மூக்குக்கும் காதுக்கும் நடுவுல இருக்குற டியூப் சரியா வேலை செய்யலன்னா உள்ள காத்தழுத்தம் குறைஞ்சு ஃபேசியாவ உள்ளாற இழுத்துரும், கொஞ்ச நாள்ல மெலிஞ்சு திரும்ப ஓட்டை. குருத்தெலும்பு அந்த இழுப்புக்கு வளையாது, பெரிய ஓட்டை, ரெண்டாவது தடவை ஆபரேஷன் இதுக்கெல்லாம் அத எடுக்குறது அதுக்காகத்தான். அம்மா கேட்டது நல்ல கேள்வி. நம்ம ஜவ்வு 0.1 மில்லிமீட்டர்தான், டிராகஸ் (காது ஓட்டைக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்குற முனை) குருத்தெலும்பு கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர், அதனால பாதியா சீவித்தான் நிறைய பேர் வைப்பாங்க. கேக்குற அளவுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வர்றதில்ல. ஒரே குறை அது வெள்ளையா மறைக்கும், பின்னாடி ஏதாவது வளர்ந்தா வெளியிலேர்ந்து பாக்க முடியாது, ஃபாலோ அப்ப விடக்கூடாது.

காதுல_பஞ்சு:
ரெண்டையும் அனுபவிச்சவன் நான். முதல்ல ஃபேசியா, ஒன்றரை வருஷம் நல்லா இருந்துச்சு அப்புறம் ஒரு சளியில மூக்க அழுத்திப் பிடிச்சுத் தும்மினேன் பாருங்க, பொட்டுன்னு ஒரு சத்தம், மறுநாள் காது ஈரம். தும்மலா டியூபா எது காரணம்னு டாக்டரே உறுதியா சொல்லல. ரெண்டாவது தடவ குருத்தெலும்பு, நாலு வருஷமாச்சு காய்ஞ்சே இருக்கு. யாரும் சொல்லாத ஒண்ணு, காது முன்னாடி முனை, டிராகஸ், அங்க எடுத்தா ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் விட்டு எடுக்கச் சொல்லுங்க, எனக்கு விடல, இயர்போன் நிக்காம கீழ விழுந்துட்டே இருக்கு 😅

ஆடியோ_அக்கா:
40 டெசிபெல் முழுசும் ஓட்டையாலயா இல்ல உள்ள எலும்புச் சங்கிலியும் அரிச்சிருக்கான்னு கேளுங்க. எலும்பு அரிச்சிருந்தா மேல எந்த கிராஃப்ட் (ஒட்டு) வச்சாலும் கேக்குறது பெருசா ஏறாது, அத சரி பண்ணினாத்தான் ஏறும். அடுத்த காதும் பாத்தீங்களா தம்பி?

பஞ்சுமிட்டாய்77:
அடுத்த காதுலயும் ஜவ்வு உள்ள ஒட்டிக் கெடக்குதாம், டியூப் கோளாறுதான்னு இன்னிக்கு முதல் டாக்டரே ஒத்துக்கிட்டு குருத்தெலும்பே வச்சிரலாம்னுட்டாரு. எலும்ப ஆபரேஷன்ல திறந்து பாத்துத்தான் சொல்ல முடியுமாம். எல்லாருக்கும் நன்றி, அம்மாவுக்கு இப்ப ஒரே கவலை, தலைமுடிய எவ்ளோ வழிப்பாங்கன்னு.

காதுல_பஞ்சு:
எனக்குக் காதுக்குப் பின்னாடி ரெண்டு விரல் அகலம்தான். கொண்டை போட்டா தெரியாதுன்னு சொல்லுங்க.