பேப் ரூத்தை ஒவ்வொரு முறையும் அவுட் ஆக்குவாராம்!

இடதுகை:
பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆடம் ஒட்டவினோ 2018இல் ஒரு பேச்சு பேசினார். நூறு வருடத்துக்கு முந்தைய அதிரடி ஆட்டக்காரர் பேப் ரூத் இன்று தன் முன்னால் மட்டையோடு நின்றால் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கிவிடுவாராம். நேற்று வேறொரு இழையில் ஒருவர் அதையே தூக்கிக்கொண்டு வந்து, "சரியாகத்தானே சொன்னார்" என்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1920இல் ரூத் அடித்தது 54 ஹோமர் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி). அந்த வருடம் அமெரிக்கன் லீகில் மற்ற ஏழு அணிகளில் எதுவும், அத்தனை பேர் சேர்ந்து அடித்தும், 50ஐத் தாண்டவில்லை. தனி ஆளாக ஓர் அணியையே மிஞ்சியவரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவு வேண்டாமா?

பிட்சர்மணி:
"ஒருவர்" என்று சுற்றி வளைப்பானேன்? நான்தான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ரூத் காலத்தில் பந்தின் வேகம் என்ன? அன்றைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் பயந்த பிட்சர் வால்டர் ஜான்சன். 1912இல் பிரிட்ஜ்போர்ட்டில் ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலையில், தோட்டாவின் வேகத்தை அளக்கிற கருவியை வைத்து அவர் பந்தை அளந்தார்கள். வினாடிக்கு 122 அடி. அதாவது மணிக்கு 83 மைல். இன்று சராசரி ஃபாஸ்ட்பாலே 94 மைல். அரோல்டிஸ் சாப்மன் 2010இல் 105ஐத் தாண்டி வீசினார். 83க்குப் பழகின கண் 105ஐ எப்படிப் பார்க்கும்?

இடதுகை:
அந்த 83 எங்கே அளந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பந்து, மட்டையாளர் நிற்கிற இடத்துத் தட்டைத் தாண்டுகிற தூரம் போன பிறகு அளந்தது. இன்று கையை விட்டுக் கிளம்பும்போதே அளந்துவிடுகிறார்கள். வருகிற வழியில் பந்து எட்டு மைல் போல வேகத்தை இழக்கும். அதைக் கூட்டிப் பார்த்தால் ஜான்சனும் 90க்கு மேல்தான். பிட்சர் நின்று வீசுகிற மேடு இல்லாத இடத்தில், ஒரு சட்டகத்துக்குள் பந்து போக வேண்டுமே என்று குறி பார்த்து வீசிய வீச்சு அது. ஆட்டத்தில் வீசுவதும் அதுவும் ஒன்றா? இன்னொரு பிட்சர் பாப் ஃபெல்லரை 1946இல் கிரிஃபித் மைதானத்தில் அளந்தபோது 98.6 வந்தது. அதையும் படியுங்கள்.

பிட்சர்மணி:
ஃபெல்லர் முதல் ஆட்டம் ஆடியது 1936. ரூத் ஓய்வு பெற்றது 1935. ரூத் சந்திக்காத ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். ரூத் சந்தித்தது ஜான்சனை. ஜான்சன் 83.

கணக்குப்பிள்ளை:
ஒரு நிமிடம். "பெரிய ஆட்டக்காரர்" என்று எதைச் சொல்கிறோம்? தன் காலத்து ஆட்களை எவ்வளவு தூரம் மிஞ்சினார் என்பதையா, கால இயந்திரத்தில் ஏற்றி இன்று கொண்டுவந்து விட்டால் என்ன செய்வார் என்பதையா? இது தெரியாமல் வாதாடி என்ன பயன்?

பிட்சர்மணி:
எதை வைத்துப் பார்த்தாலும் 83, 83தான்.

டொராண்டோரவி:
இந்தக் காலத்து ஆட்கள் என்றதும் எல்லாரும், பந்தும் வீசி மட்டையும் பிடிக்கிற ஓட்டானியைத்தான் கொண்டுவருவீர்கள். 2025 உலகத் தொடர் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் அவர் பந்தை எங்கள் அணியின் போ பிஷெட் மூன்று ரன் ஹோமராக அடித்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில் குவெரேரோவும் அடித்தார். ரூத் 1916 உலகத் தொடரில் புரூக்ளினுக்கு எதிராக, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் போன ஆட்டத்தில், 14 இன்னிங்ஸும் தானே வீசி 2-1 என்று ஜெயித்தவர். பேசுகிறவர்கள் அதைப் பேசுங்கள்.

பிட்சர்மணி:
ரவி, உங்கள் அணி தோற்ற வயிற்றெரிச்சலை இங்கே கொட்டாதீர்கள். 2025 அக்டோபரில் மில்வாக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஓட்டானி ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, மூன்று ஹோமரும் அடித்தாரே, அது கண்ணில் படவில்லையா? 100 மைல் வீசுகிறவர்கள் நிறைந்த லீகில் செய்தது அது. 83 மைல் லீகில் இல்லை.

டொராண்டோரவி:
வயிற்றெரிச்சலா? 11 இன்னிங்ஸ் போய் 5-4இல் தோற்ற அணி எங்களுடையது. போன சீசனில் நீங்கள் இங்கே சொன்ன கணிப்பு எதுவும் பலித்ததா? அதைப் பேசலாமா?

சேப்பாக்கத்தான்:
பிராட்மன் சராசரி 99.94. இன்றைய பந்துவீச்சில் அவரும் தாங்க மாட்டார் என்று யாராவது சொல்வார்களா? 1932இல் யாங்கி மைதானத்தில் அவரும் ரூத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள்.

பிட்சர்மணி:
கிரிக்கெட்டுக்கு வேறு இழை இருக்கிறது. பேஸ்பாலில் பேசுவதற்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான் பிராட்மனைக் கூப்பிடுவார்கள். இன்னொன்றும் கேளுங்கள். 1934 நவம்பரில் அமெரிக்க நட்சத்திரங்கள் ஜப்பானுக்குப் போனார்கள். ஷிஸுவோகாவில் எய்ஜி சவாமுரா என்ற 17 வயதுப் பையன் கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நான்கு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஒரு பள்ளிக்கூடப் பையன்!

இடதுகை:
அந்த ஆட்டத்தை யார் ஜெயித்தது? கெரிக் அடித்த ஒரே ஹோமரில் அமெரிக்கா 1-0. அதே பயணத்தில் 39 வயது ரூத் 13 ஹோமர் அடித்தார். பாதியை மறைத்துப் பேசுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஸ்ட்ரைக் அவுட் பற்றியே பேசுவோம். ரூத் எந்த வருடத்திலும் 93 தடவைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனதில்லை. இந்தக் காலத்து ஆரன் ஜட்ஜ் 2017இல் 208. ஓட்டானி 2024இல் 162.

பிட்சர்மணி:
83 மைல் பந்தில் யார்தான் ஸ்ட்ரைக் அவுட் ஆவார்கள்? அதுவும் ஒரே பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் வீசிக் களைத்த பிறகு, நான்காவது முறையாக அதே ஆளை எதிர்கொள்ளும் வசதி. இன்று ஏழாவது இன்னிங்ஸில் 99 மைலோடு புது ஆள் வந்து நிற்பார்.

யாழினி:
வேகம் வேகம் என்று அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் இறங்கும்வரை கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அந்த லீகில் இடமே இல்லை. கறுப்பினப் பிட்சர் சாட்செல் பேஜ் 1948இல் உள்ளே வந்தபோது வயது 42. மட்டையில் பெயர் பெற்ற ஜாஷ் கிப்சன் கடைசிவரை வரவே இல்லை. கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளை 2024இல்தான் பதிவேட்டில் சேர்த்தார்கள். சேர்த்ததும் கிப்சனின் .372 மட்டைச் சராசரி, அதுவரை முதலில் இருந்த டை காப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ரூத்தின் 714 ஹோமரையும் ஜான்சனின் 417 வெற்றியையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிட்சர்மணி:
பார்த்தீர்களா, இதுவும் என் பக்கம்தான்.

யாழினி:
உங்கள் பக்கம் இல்லை. பேஜும் அந்தப் பழைய காலத்து ஆள்தான். அவர் பந்தை அடிக்க முடியாமல் திண்டாடியவர்கள் எத்தனை பேர்! பழைய ஆட்களுக்குத் திறமை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? என் பேச்சை உங்கள் 83க்கு முட்டுக்கொடுக்க எடுக்காதீர்கள்.

இடதுகை:
யாழினி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தடை ரூத் போட்டதில்லை. மணி, ஒன்று கேட்கிறேன். ஹெல்மெட் இல்லாத காலம் அது. 1920இல் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டுச் செத்தே போனார். உங்கள் ஆட்கள் ஹெல்மெட் இல்லாமல் தட்டை ஒட்டி நின்று அடிப்பார்களா?

பிட்சர்மணி:
83 மைலுக்கு ஹெல்மெட் எதற்கு?

இடதுகை:
அந்த 83இல் ஒரு மனிதர் செத்திருக்கிறார். வாய்க்கு வந்ததை எழுதாதீர்கள்.

பிட்சர்மணி:
அவரைக் கொன்ற பந்து கார்ல் மேஸ் வீசியது. மேஸ் வேகத்துக்குப் பெயர் போனவரும் இல்லை. வால்டர் ஜான்சன் 83 மைலா இல்லையா, அதற்கு இன்னும் நேரடியாகப் பதில் வரவில்லை.

டொராண்டோரவி:
கணிப்புக்கும் இன்னும் பதில் வரவில்லை.