ஜூனியர் புரோகிராமர் ட்ரெய்னிங்குக்கு தகுதி லிஸ்ட் எப்படி போடுறது?

வணக்கம் மக்களே, புதுசா சேர்ற புரோகிராமர்களுக்கு ட்ரெய்னிங் பிளான் போடுறேன், ஆனா பாடத்துக்கு முன்னாடி ஒருத்தருக்கு வேலை செய்யத் தெரியுதான்னு எதை வச்சு சொல்றதுன்னு முடிவு பண்ணணும்ல, அங்கதான் மாட்டிக்கிட்டேன். எஸ்எஃப்ஐஏ (SFIA, ஐடி வேலைகளுக்கு என்னென்ன திறமை வேணும்னு சொல்ற ஒரு ஃப்ரேம்வொர்க்) பாத்தேன், 7 லெவல், பொறுப்ப நல்லா பிரிச்சிருக்காங்க, ஆனா ரொம்ப பொதுவா இருக்கு. டாகம்னு (DACUM) பாடத்திட்டம் போட ஒரு முறை இருக்கு, அதுல அந்த வேலைய நல்லா செய்றவங்களயே உக்கார வச்சு என்னென்ன செய்றாங்கன்னு பட்டியல் போடுவாங்க, அது புடிச்சிருக்கு. சும்மா "ஜாவா தெரியும்"னு எழுதுறத விட "அடுத்தவங்க கோடுல பக் கண்டுபிடிச்சு, டெஸ்ட் எழுதி சரி பண்ணுவார்"னு எழுதுனாதான் சோதிச்சுப் பாக்க முடியும் (இன்டர்வியூ பண்றவங்களுக்கும் இது புரிஞ்சா தேவல). ஆனா தெரியாதத தயங்காம கேக்குறது, கோடு ரிவியூல அடுத்தவங்க குறை சொல்றத கோவப்படாம எடுத்துக்கிறது, இதெல்லாம் எப்படிங்க அளக்குறது? யாராவது இப்படி லிஸ்ட் போட்டிருந்தா காட்டுங்க, அரைகுறை எக்ஸெல் ஷீட்டா இருந்தாலும் ஓகே.